துண்டும் திறப்பு இலக்கமும்: விலைக்கு வாங்கிய கணினி விளையாட்டுக்களின் இடமாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விலை கொடுத்து வாங்கிய பொருளை வாங்கியவர் தாம் விரும்பிய இடத்திற்குக் கொண்டு செல்லலாம், பிறருக்குக் கொடுக்கலாம், தேவையொழிந்தபோது விற்கலாம். சந்தை தோன்றிய காலந்தொட்டு மனிதர் பெரிதும் ஐயுறாது கொண்டிருந்த எண்ணம் இது. கணினி விளையாட்டு என்னும் பண்டத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் கடந்த இருபதாண்டுக் காலத்தில் படிப்படியாக வலுவிழந்து வந்துள்ளது. ஓர் இணைய விற்பனைத் தளத்தில் வாங்கிய விளையாட்டை மற்றொரு தளத்திற்கு மாற்றிக்கொள்ளும் உரிமை பொதுவாக வாங்கியவருக்கு இல்லை. எனினும் அத்தகைய மாற்றங்கள் இடையிடையே நிகழ்ந்துள்ளன. அவை எச்சூழலில், யாருடைய விருப்பத்தால் நிகழ்ந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விளையாட்டுச் சாமான் பற்றி வரலாற்று மாணவன் எழுதுவதா எனக் கேட்போர் இருக்கலாம். உடைமையுரிமை பற்றிய பெருந்தீர்ப்புக்கள் பல இத்தகைய சிறு பண்டங்களின் வழக்குகளிலேயே பிறந்துள்ளன என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

டயகமவில் என் சிறுபராயத்தில் விளையாட்டுக்கள் இறுவட்டுக்களிலேயே வந்து சேர்ந்தன. கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த என் பெரியப்பா மகன் ஒரு தீபாவளி விடுமுறையிற் பழைய கணினி ஒன்றையும் சில இறுவட்டுக்களையும் கொண்டுவந்தார். தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக ஏறிவரும் பேருந்தில் மடியில் வைத்துக் காத்து வந்த கணினி அது. அவ்விறுவட்டுக்கள் எங்கள் லயத்தோடு நிற்கவில்லை. மேல் லயம், கீழ் லயம், அடுத்த டிவிஷன் என்று சுற்றி, கீறல் விழுந்து, மாதங்கள் கழித்துத் திரும்பின. அவை சட்டப்படி வாங்கிய பிரதிகள் அல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பல ஆண்டுகளின் பின்னர் அதே அண்ணன் முறையாகப் பணம் செலுத்தி ஓர் இணையக் கடையில் விளையாட்டொன்றை வாங்கினார். அவருடைய நண்பர்களோ அதே விளையாட்டை வேறொரு கடையில் வாங்கியிருந்தனர். இரு கடைகளின் பிரதிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து ஆடமாட்டா. தம் பிரதியை அக்கடைக்கு மாற்றவும் வழியில்லை. இரண்டாம் முறையும் பணம் கட்டினார். களவுப் பிரதி பன்னிரண்டு வீடு சென்று வந்தது. விலை கொடுத்த பிரதி ஒரு வாசலையும் தாண்டவில்லை. இம்முரணே இவ்விடயத்தை ஆராயுமாறு என்னைத் தூண்டியது.

வாங்கியவரின் உரிமை எங்கே முடிகின்றது என்னும் வினா கணினிக்கு முற்பட்டது. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகம் தான் வெளியிட்ட நாவலொன்றின் உள்ளே, இதனை 1 டொலருக்குக் குறைவாக எவ்வணிகரும் விற்கலாகாது என அச்சிட்டிருந்தது. மேசிஸ் என்னும் பெருங்கடையின் உரிமையாளரான ஸ்ட்ராஸ் சகோதரர் அதனை 89 சதத்துக்கு விற்றனர். பதிப்பகம் வழக்குத் தொடர்ந்தது. 1908-ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் பதிப்பகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரதியொன்றை முதன்முறை விற்றதோடு அப்பிரதியின் மேல் பதிப்பாளருக்கிருந்த விற்பனைக் கட்டுப்பாடு முடிந்துவிடுகின்றது என்பதே தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டிலேயே அது சட்டமாகவும் எழுதப்பட்டது. பழைய புத்தகக் கடைகளும், நூலகங்களின் இரவல் முறையும், பின்னாளில் பயன்படுத்திய விளையாட்டு இறுவட்டுக்களை வாங்கி விற்ற கடைகளும் அந்நாட்டில் இக்கோட்பாட்டின் நிழலிலேயே இயங்கின. ஒன்றை மட்டும் மனங்கொள்ளல் வேண்டும். கோட்பாடு காத்தது கையிலிருந்த பிரதியையே ஆகும். பிரதி என்று ஒன்று கையில் இல்லாதபோது என்ன நிகழும் என்பதை 1908-இல் யாரும் எண்ணிப்பார்த்திருக்க முடியாது.

அந்நிலை 2003-இல் உருவாகத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டெம்பர் 12-ஆம் திகதி அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்னும் தளத்தைத் திறந்தது. தொடக்கத்தில் அது தன் விளையாட்டுக்களைத் திருத்திப் புதுப்பிக்கும் ஒரு கருவியாகவே காட்சியளித்தது. 2004 நவம்பரில் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ என்னும் விளையாட்டே திருப்புமுனையாயிற்று. கடையில் இறுவட்டாக வாங்கியவர்களும் ஸ்டீமில் ஒரு கணக்கைத் திறந்து, உறையிலிருந்த திறப்பு இலக்கத்தைப் பதிந்து, இணையத்தின் வழியாக அனுமதி பெற்ற பின்னரே ஆட முடிந்தது. முதல் நாட்களில் வழங்கிகள் நெரிசலில் திணறியமையால், இறுவட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆட இயலாது பலர் காத்திருந்தனர். ஒரு முறை பதிந்த இலக்கம் அக்கணக்கோடு பிணைந்துவிடும். அதன்பின் இறுவட்டை யாருக்குக் கொடுத்தாலும் அது வெறும் தகடு. பொருள் கைமாறியது, உரிமை கைமாறவில்லை. 1908-இன் தீர்ப்பை எவரும் மாற்றவில்லை. அதனைச் சுற்றிக்கொண்டு ஒரு பாதை போடப்பட்டது.

இப்பாதையின் அமைப்பைச் சிறிது விளக்குதல் பொருந்தும். இன்று தளமொன்றில் நாம் ‘வாங்கும்’ போது நமக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே. இன்ன கணக்கு இன்ன விளையாட்டை ஆடலாம் என்று தளத்தின் தரவுத்தளத்தில் ஒரு பதிவு எழுதப்படுகின்றது. விளையாட்டின் கோப்புக்கள் நம் கணினியில் இருந்தாலும், அவற்றுட் பல தொடங்குமுன் அப்பதிவைக் கேட்டறியும். அதற்கு மேலும் ஒரு பிணைப்பு உண்டு. நண்பரைத் தேடிச் சேர்த்தல், ஆட்டத்தின் நிலையைச் சேமித்தல், பெற்ற விருதுகளைக் காட்டுதல் முதலிய பணிகளை விளையாட்டு தானே செய்வதில்லை. தளத்தின் மென்பொருள் நூலகங்களிடம் ஒப்படைத்துவிடுகின்றது. ஆகவே ஒரு தளத்துக்கெனக் கட்டிய பிரதி மற்றொரு தளத்தில் அப்படியே நடவாது. வேறாகக் கட்டப்படல் வேண்டும்.

ஆயினும் தொழில்நுட்பத் தடையைவிடப் பெரியது கணக்குப் புத்தகத் தடையே என்பது என் கருத்து. ஸ்டீம் ஒவ்வொரு விற்பனையிலும் பொதுவாக 30 வீதத்தைத் தரகாகப் பெற்று வந்தது. 2018 திசெம்பரில் தொடங்கிய எபிக் கடை 12 வீதமே கேட்டு அதனோடு போட்டியிட்டது. இந்நிலையில் ஒரு தளத்தில் வாங்கிய விளையாட்டை மற்றொரு தளம் ஏற்றுக்கொண்டால், அதற்குத் தரகு ஒரு சதமும் இல்லை. பல்லாயிரம் மெகாபைற்றுக்களைப் பதிவிறக்கும் செலவு மட்டும் மிஞ்சும். விளையாட்டை ஆக்கியோர்க்கோ இரண்டாம் விற்பனை ஒன்று கைநழுவும். மூவருள் இருவருக்கு நட்டமான காரியம் மூன்றாமவரின் விருப்பத்தால் மட்டும் நடந்துவிடாது. இதற்கு ஒரு விலக்குண்டு. தம் விளையாட்டுக்கான திறப்பு இலக்கங்களை ஆக்கியோர் பெற்று வெளியே விற்க ஸ்டீம் இடமளித்தது. அவ்விற்பனையிற் தரகும் கேட்கவில்லை. பிற கடைகளில் வாங்கியோரும் அவ்விலக்கத்தோடு ஸ்டீமுக்குள் வந்து சேர்ந்தனர். தாராள மனம் போலத் தோன்றும் இவ்வேற்பாட்டில் உள்ளே வரும் வழியே இருந்தது. வெளியே செல்லும் வழி இல்லை.

இனி, உண்மையில் நிகழ்ந்த இடமாற்றங்களை நோக்குவோம். மைக்ரோசொஃப்ட்டின் ‘கேம்ஸ் ஃபோர் விண்டோஸ் லைவ்’ என்னும் தளம் தளர்ந்தபோது, அதன் கடை 2013 ஓகஸ்டில் மூடப்பட்டது. அதனைச் சார்ந்திருந்த சில விளையாட்டுக்களை அவற்றின் வெளியீட்டாளர் ஸ்டீமுக்கு மாற்றினர். ‘டார்க் சோல்ஸ்’ 2014 திசெம்பரில் இவ்வாறு மாறியது. பழைய திறப்பு இலக்கங்களும் ஏற்கப்பட்டன. அவ்வாறு மாற்றப்படாத விளையாட்டுக்களை வைத்திருந்தோர் தாமே வழிதேட நேர்ந்தது. போலந்து நாட்டின் ஜி.ஓ.ஜி. தளம் 2016 யூனில் வேறொரு வகையில் முயன்றது. வாங்கியவர் தம் ஸ்டீம் கணக்கை அதனோடு இணைத்தால், அங்கே வைத்திருக்கும் விளையாட்டுக்களுட் குறிப்பிட்ட சிலவற்றின் பூட்டில்லாப் பிரதி இலவசமாகக் கிடைத்தது. நான் அறிந்தவரை இத்துறையில் வாங்கியவரை முன்னிட்டு எழுந்த முயற்சிகளுள் இதுவே சிறந்தது. ஆனால் விளையாட்டுக்களின் பட்டியலை முடிவுசெய்தோர் வெளியீட்டாளரே. ஒவ்வொன்றுக்கும் நாட்குறிப்பு இருந்தது. நாளடைவிற் புதிய பெயர்கள் சேர்வது அருகி, திட்டமும் முடிவுக்கு வந்தது.

2022-இல் இருவேறு தளங்கள் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டன. அவற்றின் முடிவுகளை அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. பெதஸ்டா நிறுவனம் தன் சொந்தத் தளத்தை அவ்வாண்டு மே 11-ஆம் திகதி மூடியது. அதற்கு முன்னரே, ஏப்பிரல் 27 முதல், பயனர்கள் தம் விளையாட்டுக்களையும் கணக்கிலிருந்த மீதிப் பணத்தையும் ஸ்டீமுக்கு மாற்றிக்கொள்ள வழிசெய்தது. முழுமையான இடமாற்றம் எனத்தக்கது இதுவே. இங்கு விற்றவரும் வெளியீட்டாளரும் ஒருவரே என்பதால் அனுமதி கேட்க மூன்றாம் ஆள் இருக்கவில்லை. மறுபுறம், கூகுளின் ஸ்டேடியா 2023 சனவரி 18-ஆம் திகதி மூடப்பட்டது. தன் கடையில் விற்ற விளையாட்டுக்களுக்கான பணத்தைக் கூகுள் திருப்பிக் கொடுத்தது. யூபிசொஃப்ட் தன் விளையாட்டுக்களை வாங்கியோர்க்குக் கணினிப் பிரதி வழங்க முன்வந்தது. ஏனையோர் பலருக்குப் பணம் கிடைத்தது. விளையாட்டும், அதில் அவர்கள் செலவிட்ட இரவுகளும் கிடைக்கவில்லை.

இவையனைத்திலும் பொதுவாக நிற்பது ஒன்றே. மாற்றம் நிகழ்ந்த இடங்களிலெல்லாம் அது கொடுப்பவரின் வசதிக்காலத்தில், கொடுப்பவரின் கையெழுத்தால் நிகழ்ந்தது. இதனை எழுதும்போது எங்கள் தோட்டப்புறங்களின் பழைய ‘துண்டு’ முறை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கங்காணியும் அவருடைய ஆட்களும் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இன்னாருடைய கடன் இத்தனை ரூபாய். அதனைச் செலுத்துவோரிடம் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் பொருள். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கட்டிய தொகை மீண்டும் ஆட்களின் தலையில் ஏறும். ஒவ்வொரு பெயர்விலும் கடன் வளர்ந்தது. 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்முறை ஒழிக்கப்பட்டது. மனிதரைப் பிணைத்த கடனையும் பொழுதுபோக்குப் பண்டமொன்றையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று என்பதை நான் நன்கு உணர்வேன். துண்டின் பின்னால் பசியும் பிரம்பும் இருந்தன. திறப்பு இலக்கத்தின் பின்னால் இருப்பது எரிச்சல் மட்டுமே. ஒப்புமை வடிவத்தில் மட்டுமே உள்ளது. பெயர்ந்து செல்வது தடுக்கப்படவில்லை. ஆனால் அதற்கான தாள் பெயர்பவரின் கையில் இல்லை. இரண்டாம் முறையும் விலை செலுத்தப்பட்டது. அது யார் தலையில் ஏறியது என்பதும் ஒன்றே. தலைமுறைகளாகக் குடியிருந்தும் காம்பிராவுக்கு உறுதி இல்லாத ஒரு சமூகத்தில் வளர்ந்தவனுக்கு, ‘அனுபவிக்கலாம், உரித்தில்லை’ என்னும் உரிமப்பத்திர வாசகம் புதியதாகத் தோன்றுவதில்லை.

நீதிமன்றங்கள் இவ்வினாவுக்கு ஒரே விடையைக் கூறவில்லை. 2012 யூலை 3-ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் யூஸ்ட்சொஃப்ட் - ஒராக்கிள் வழக்கில் வியப்புக்குரிய தீர்ப்பொன்றை வழங்கியது. கால வரையறையின்றி, ஒரு விலை பெற்று, பதிவிறக்க விடப்பட்ட மென்பொருள் விற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். ‘உரிமம்’ என்று பெயரிடுவதால் மட்டும் அது விற்பனை அன்று என்றாகிவிடாது. முதல் வாங்குநர் தம் பிரதியைப் பயன்படாதவாறு செய்துவிட்டு மறுவிற்பனை செய்யலாம் என அது கூறியது. 1908-இன் கோட்பாடு இறுவட்டில்லா உலகினுள்ளும் நுழைந்துவிட்டதெனப் பலர் மகிழ்ந்தனர். பிரான்சின் நுகர்வோர் சங்கமொன்று இதனை ஆதாரமாகக் கொண்டு வால்வ் நிறுவனத்தின் மேல் வழக்கிட்டது. பாரிஸ் நீதிமன்றம் 2019 செப்டெம்பர் 17-ஆம் திகதி சங்கத்தின் பக்கம் நின்றது. ஆனால் மூன்றாண்டுகளின் பின், 2022 ஒக்டோபரில், மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் புரட்டிவிட்டது. கணினி விளையாட்டு வெறும் மென்பொருள் அன்று. ஓவியமும் இசையும் கதையும் கலந்த கலைப்படைப்பு. ஆகவே மென்பொருளுக்கான விதி அதற்குப் பொருந்தாது என்பது அதன் நியாயம். 2024 ஒக்டோபரில் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் அம்முடிவையே உறுதிப்படுத்தியது. விளையாட்டு ஒரு கலை என்று ஏற்கப்பட வேண்டுமென வாதிட்டோர் பல்லாண்டுகளாக உள்ளனர். அவ்வேற்பு நீதிமன்றத்தில் கிட்டியபோது, அதற்கு ஈடாக வாங்கியவரின் உரிமை எடுத்துக்கொள்ளப்பட்டதை அவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இடமாற்றம் இயலாத காரியம் என்னும் வாதத்துக்கு எதிரான சான்றுகள் அயல் துறைகளிலேயே உள. அமெரிக்காவில் 2017 ஒக்டோபரிற் தொடங்கிய ‘மூவீஸ் எனிவேர்’ ஏற்பாட்டின்படி, ஒரு கடையில் வாங்கிய திரைப்படம் அதில் இணைந்த மற்றக் கடைகளிலும் தோன்றும். பெரும் படநிறுவனங்கள் பல தம்முள் உடன்பட்டமையால் அது இயன்றது. இந்தியாவிற் கைத்தொலைபேசி இலக்கத்தை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 சனவரியில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அங்கே உடன்பாட்டுக்காக எவரும் காத்திருக்கவில்லை. அரசின் ஒழுங்குமுறை கட்டளையிட்டது. வாங்குவோரின் குரலுக்கும் சிறிது ஆற்றல் இருந்துள்ளது. 2013-இல் மைக்ரோசொஃப்ட் தன் புதிய விளையாட்டுப் பொறிக்கான இறுவட்டுக்களையும் கணக்கோடு பிணைக்கப் போவதாக அறிவித்து, எழுந்த எதிர்ப்பைக் கண்டு யூன் 19-ஆம் திகதி அதனைக் கைவிட்டது. அண்மைக் காலத்தில் சட்டம் செய்தது இதனைவிடக் குறைவே. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், உரிமத்தை மட்டும் கொடுக்கும் கடைகள் அதனைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்னும் சொல்லைப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றது. உரிமையைத் தரவில்லை; உரிமை இல்லை என்பதைச் சொல்லிவிடச் சொல்கின்றது. இச்சட்டத்துக்குச் சூழலாக அமைந்தவற்றுள் ஒன்று 2014-இல் வெளிவந்த ‘த க்ரூ’ என்னும் காரோட்ட விளையாட்டின் கதி. 2024 மார்ச் 31-ஆம் திகதி அதன் வழங்கிகள் நிறுத்தப்பட்டன. தனித்து ஆடுவோரும் அதனை இழந்தனர். அதனையடுத்து எழுந்த ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 2025 யூலைக்குள் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

இவையெல்லாம் மேலைநாட்டார் கவலை, நமக்கென்ன என்று கூறிவிட இயலாது. 2022-இல் டொலர் ஒன்றின் விலை சுமார் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களுள் 350 ரூபாயைக் கடந்தபோது, இலங்கையில் ஒரு விளையாட்டை இரண்டாம் முறை வாங்குதல் என்பது நகைப்புக்குரிய எண்ணமாயிற்று. தமிழருக்கு நெருங்கிய எடுத்துக்காட்டொன்றும் உண்டு. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023 யூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் கனடாவிற் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. பிரித்தானியாவின் பாஃப்டா விருதையும் 2024-இல் அது வென்றது. தாயிடமிருந்து கிடைத்த, எழுத்தழிந்த சமையற் குறிப்பேடு ஒன்றை வெண்பா என்னும் பெண் தன் நினைவால் நிரப்பிச் சமைக்கின்றாள். பின்னர் அது அவள் மகனின் கைக்கும் வருகின்றது. இவ்விளையாட்டு ஸ்டீமிலும் நின்டெண்டோ, எக்ஸ்பொக்ஸ், பிளேஸ்டேஷன் கடைகளிலும் தனித்தனியே விற்கப்படுகின்றது. நின்டெண்டோவில் வாங்கியவர் அதனைக் கணினியில் ஆட விரும்பின் மீண்டும் வாங்க வேண்டும். ஸ்டீமில் வாங்கியவர் குடும்பத்தாரோடு பகிர்ந்து ஆடலாம். ஆனால் அதன் உடன்படிக்கைப்படி கணக்கை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தல் ஆகாது. கதையினுள் குறிப்பேடு மூன்று தலைமுறை கைமாறுகின்றது. கதையைத் தாங்கிய பிரதியோ வாங்கியவரோடு நின்றுவிடுகின்றது.

வரலாற்று மாணவருக்கு இதில் தனிப்பட்ட கவலையும் உண்டு. அமெரிக்காவிலுள்ள காணொளி விளையாட்டு வரலாற்று மன்றம் 2023 யூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன்னர் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுக்களில் 87 வீதமானவை இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை. அவற்றுட் பெரும்பாலானவை இறுவட்டுக் காலத்தவை; எங்கோ ஒரு பெட்டியில் எஞ்சியிருக்கக் கூடியவை. கணக்கோடு பிணைந்த காலத்தவற்றுக்கு அத்தகைய பெட்டியும் இல்லை. டயகமவில் எங்கள் அப்பாயியின் தகரப் பெட்டியில், பிரசாவுரிமைக் கடதாசிகளுக்கும் தாத்தாவின் சேமலாப நிதித் தாள்களுக்கும் அடியில், அண்ணன் கொண்டுவந்த இறுவட்டுக்களுள் நான்கு இன்றும் கிடக்கின்றன. சென்ற விடுமுறையில் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று ஓடின.